சம்சாரா சென்ட்: தாளில் மல்லி, கையில் வேறென்னவோ, கடைசியில் சந்தனம். ஏன் இப்படி மாறுகிறது?

அந்திமந்தாரை எழுதியது:

வணக்கம். சென்ட் பற்றி விவரம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் எழுதுகிறீர்கள், அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். பாரிசில் இருக்கும் சித்தி மகள் போன மாதம் ஊருக்கு வந்தபோது ஒரு சிவப்புக் குப்பியைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். கெர்லான் நிறுவனத்தின் சம்சாரா, ஓ த பர்ஃபம் வகை. "உனக்கு மல்லியும் சந்தனமும் தானே பிடிக்கும், இதுல ரெண்டும் இருக்கு" என்றாள். எனக்கு இதற்கு முன்னால் அத்தர் பழக்கம் மட்டும்தான், அதுவும் அப்பா வெள்ளிக்கிழமை சட்டைக் காலரில் தடவிக்கொள்வாரே, அந்த அளவுதான்.

முதல் நாள் ஒரு அட்டைத் துண்டில் அடித்துப் பார்த்தேன். எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருமே அந்த வாசம் கொஞ்ச நேரம், அப்புறம் நல்ல மல்லி. அட்டையைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன், மறுநாள் காலையிலும் மல்லி இருந்தது. சரி, இதுதான் இதன் வாசம் என்று முடிவு செய்துவிட்டு, அடுத்த நாள் ஆபீஸ் போகும்போது மணிக்கட்டில் ஒரு முறை அடித்துக்கொண்டேன்.

கையில் நடந்தது வேறு கதை. முதல் ஐந்து நிமிடம் ஸ்பிரிட், எலுமிச்சை, கூடவே நன்றாகப் பழுத்த வாழைப்பழம் போல ஒன்று. இருபதாவது நிமிடம் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி மல்லி வந்தது, ஆனால் அதற்கு அடியில் பீரோவைத் திறந்தால் வரும் பாச்சா உருண்டை வாசமும் இருந்தது. மெலிதாகத்தான், ஆனால் சந்தேகமே இல்லை, அதேதான். ஒன்றரை மணி நேரம் கழித்து அதுவும் மாறி, ராத்திரி தலையில் வைத்துத் தூங்கிய பூ காலையில் தலையணையில் கிடக்குமே, பழுப்பேறிப் போய், அந்தக் கனத்த வாசம். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பூவே இல்லை. பாலும் சந்தனமும் கலந்த மாதிரி ஒன்று, அதுவும் மூக்கை ஒட்டி வைத்தால்தான்.

குப்பியில் குறை இருக்கிறது என்று சொல்லவில்லை. ஏனென்றால் இதையே என் நாத்தனார் போட்டுக்கொண்டாள், அவளுக்கு மாலை வரை பூ வாசம் நின்றது, பாச்சா உருண்டை எதுவும் வரவில்லை என்கிறாள். அப்படியென்றால் என் தோலில்தான் ஏதாவது இருக்கிறதா? தாளில் மாறாமல் நிற்பது கையில் ஏன் நாலு வாசமாகப் பிரிகிறது? அந்தப் பாச்சா உருண்டை எங்கிருந்து வருகிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.


மரப்பெட்டி எழுதியது:

அம்மா, உங்கள் தோலில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் பல வருடம் சென்ட் போடுகிறவர்களே இவ்வளவு கவனமாக முகர்ந்து சொல்வதில்லை. நான் வீட்டில் பொழுதுபோக்காக வாசனை கலப்பவன், சின்னத் தராசு, சொட்டுக்குழாய், நாற்பது ஐம்பது குப்பி, அவ்வளவுதான் என் தொழிற்சாலை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பாச்சா உருண்டை. அது இண்டோல் என்ற பொருள். யாரோ கலந்துவிட்ட அசுத்தம் கிடையாது, மல்லிப்பூவே அதைத் தனக்குள் செய்துகொள்கிறது. ஜாதிமல்லி, குண்டுமல்லி, சம்பங்கி, ஆரஞ்சுப்பூ என்று வெள்ளைப்பூ வகைகள் பெரும்பாலானவற்றில் அது உண்டு. என்னிடம் தனி இண்டோல் ஒரு சின்னக் குப்பியில் இருக்கிறது, வெள்ளைச் செதில் செதிலாக. அதன் மூடியைத் திறந்தால் பாச்சா உருண்டையும் சுத்தம் செய்யாத கழிவறை மூலையும் சேர்ந்து அடிக்கும், வீட்டில் யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள். அதையே நூற்றில் ஒரு பங்காகக் கரைத்து, அந்தக் கரைசலில் ஒரே ஒரு சொட்டை எடுத்து, ஏற்கெனவே கலந்து வைத்திருக்கும் மல்லிக் கலவையில் விட்டால் என்ன ஆகிறது தெரியுமா? அதுவரை சோப்பு மாதிரி, பவுடர் மாதிரி இருந்தது சட்டென்று பூவாகிவிடும். உயிர் வந்த மாதிரி. இந்த ஒரு சொட்டுக்காகத்தான் நான் இந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். இண்டோல் இல்லாத மல்லி சென்ட் கடையில் நிறைய உண்டு, எல்லாம் அறை நறுமண ஸ்பிரே போலத்தான் இருக்கும்.

இப்போது ஏன் அது இருபதாவது நிமிடத்தில் வந்தது என்று பார்ப்போம். சென்ட் என்பது ஒரே பொருள் இல்லை, பத்துக்கணக்கான, சில சமயம் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் ஆல்கஹாலில் கரைந்திருப்பது. ஒவ்வொன்றும் தன் வேகத்தில் பறக்கும். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிப்பது, அது ஒரு நிமிடத்தில் போய்விடும், அதுதான் உங்கள் ஸ்பிரிட். அதோடு பெர்கமாட் போன்ற எலுமிச்சைக் குடும்பத்து எண்ணெய்கள் முதலில் ஓடும். அடுத்தது பென்சைல் அசிடேட், மல்லி வாசத்தில் பெரும்பங்கு அதுதான், தனியாக முகர்ந்தால் வாழைப்பழம் மாதிரி இருக்கும், நீங்கள் சொன்ன பழுத்த வாழைப்பழம் அதுவாகத்தான் இருக்கும். கூடவே இலாங் இலாங் பூவிலும் அது உண்டு, சம்சாராவில் இலாங் இலாங் வாசம் நிறையவே தெரியும். பென்சைல் அசிடேட்டின் கொதிநிலை 215 டிகிரி அளவில், இண்டோலுக்கு 254 டிகிரி. அதனால் முன்னது பறந்து குறையக் குறைய, அதுவரை பழ வாசத்துக்குப் பின்னால் நின்ற இண்டோல் முன்னால் வருகிறது. அதன் அளவு கூடவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் கிளம்பிப் போனதால் அது தெரிகிறது.

சந்தனமும் அப்படித்தான். எல்லோரும் மேல் வாசம், நடு வாசம், அடி வாசம் என்று மூன்று அடுக்காகப் படம் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் படம் நிறையப் பேரைக் குழப்பிவிடுகிறது. சந்தனம் மூன்று மணி நேரம் கழித்து வந்து சேரவில்லை. முதல் நொடியிலிருந்து உங்கள் கையில் இருக்கிறது. சந்தன எண்ணெயின் உயிரான சாண்டலால் 300 டிகிரிக்கு மேல் கொதிப்பது, மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காற்றுக்கு வரும். அது செய்கிற இன்னொரு வேலை, இலகுவான பொருள்களைத் தன்னோடு கொஞ்சம் பிடித்து வைப்பது. மரம் இல்லாத வெறும் மல்லிக் கலவையைக் கையில் தடவினால் முக்கால் மணி நேரத்தில் காணாமல் போகும், நான் பல முறை செய்து பார்த்திருக்கிறேன். சந்தனம் சேர்த்தால் அதே பூ இரண்டு மணி நேரம் நிற்கும். உங்கள் மல்லி அவ்வளவு நேரம் பேசியதற்கே அடியில் அமைதியாக இருந்த மரம்தான் காரணம்.

தாள் ஏன் மாறவில்லை? மாறியது, ஆனால் மெதுவாக. ஏசி அறையில் தாள் 24 டிகிரியில் இருக்கிறது, உங்கள் மணிக்கட்டின் மேல்தோல் 32, 33 டிகிரி. அதோடு வியர்வை, ரத்த ஓட்டம், ஆடையில் உரசுவது. தாளில் ஒரு நாள் முழுக்க நடப்பதைக் கை நாலு மணி நேரத்தில் ஓட்டிக் காட்டிவிடுகிறது. நாத்தனாருக்கு எண்ணெய்ப் பசையுள்ள தோலாக இருக்க வேண்டும். எண்ணெயில் வாசனைப் பொருள்கள் கரைந்து தங்கும், பறக்கிற வேகம் குறையும். வறண்ட தோலில் முதலில் வருபவை சீக்கிரம் போய்விடும், மீதி எல்லாம் தனித்தனியாகத் தெரியும். தோலின் பி.ஹெச், அதாவது அமிலத்தன்மை, காரணம் என்று சிலர் சொல்வார்கள், என் அனுபவத்தில் சூடும் எண்ணெய்ப் பசையும்தான் பெரிய காரணங்கள்.

ஒன்று செய்யுங்கள். குளித்ததும் வாசமே இல்லாத வாஸலின் கொஞ்சம் கையில் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, அதன் மேல் அடியுங்கள். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று தேய்க்காதீர்கள். தேய்த்தால் வாசம் உடைந்துவிடும் என்பார்கள், உடையாது, ஆனால் சூடாகி முதல் வாசங்கள் இன்னும் வேகமாக ஓடிவிடும்.

சம்சாராவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1989ல் ழான் போல் கெர்லான் செய்தது. மல்லியையும் சந்தனத்தையும் இரண்டு தூணாக வைத்து, மற்ற எல்லாவற்றையும் இவற்றுக்கு உதவியாக மட்டும் வைத்த சென்ட். இயற்கைச் சந்தன எண்ணெயோடு பாலிசாண்டால் என்ற செயற்கைச் சந்தனமும் சேர்த்தார்கள். நீங்கள் சொன்ன பால் வாசம் சந்தனத்தின் குணமே, அதற்குக் கீழே வனிலாவும் டோங்கா விதையும் வேறு இருக்கின்றன.


நிலக்கோட்டைப்பூ எழுதியது:

அந்திமந்தாரை அக்கா, மரப்பெட்டி அண்ணா சொன்ன ரசாயனம் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதிய நாலு வாசமும் எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லித் தோட்டம் இருக்கிறது, எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பூ வாசத்தில்தான் இருக்கிறேன்.

மொட்டுக்கு வாசம் கிடையாது, இதை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பறிக்கும்போது கையில் பச்சை இலை வாசமும் பனி வாசமும்தான். கூடையை முகர்ந்தால் கீரைக் கட்டு மாதிரி இருக்கும். அது மார்க்கெட்டுக்குப் போய், ஏலம் முடிந்து, சரம் கட்டி, பஸ் ஏறி, சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு இதழ் விரியும்போதுதான் பூ தன் வாசத்தைச் செய்ய ஆரம்பிக்கும். முன்னாடியே செய்து மொட்டுக்குள் அடைத்து வைத்திருப்பதில்லை. முதலில் வருவது லேசான பழ வாசம். ஒன்பது பத்து மணிக்கு முழு மல்லி, அப்போது ஒரு கூடைக்குள் முகத்தை வைத்தால் நீங்கள் சொன்ன பாச்சா உருண்டை நன்றாகவே தெரியும், எங்கள் வீட்டில் அதைக் "கார வாசம்" என்போம். விடிந்தால் பழுப்பு. அந்தப் பழுத்த வாசம், தலையணை வாசம், எனக்கு அதுவும் பிடிக்கும். எங்கள் அப்பத்தா வாடிய பூவைக் குப்பையில் போட விட மாட்டாள், துணி மடிப்பில் வைத்துவிடுவாள்.

ஆக உங்கள் கையில் நாலு மணி நேரத்தில் நடந்தது எங்கள் தோட்டத்துப் பூவுக்கு ஒரு ராத்திரியில் நடப்பது. சென்ட் செய்தவர் மல்லியின் ஒரு நிமிடத்தை மட்டும் பிடிக்காமல் ராத்திரி முழுவதையும் பிடித்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பூ மலிந்த காலத்தில் எங்கள் பக்கத்துப் பூ சென்ட் ஆலைக்கும் போகும். திண்டுக்கல், மதுரை, கோவை, சத்தியமங்கலம் பக்கம் ஆலைகள் உண்டு. ஒரு முறை அப்பாவோடு ராத்திரி போயிருக்கிறேன். காலையில் வாங்கிய மொட்டை உடனே உள்ளே போட மாட்டார்கள். பெரிய கொட்டகையில் தரையில் பரப்பி, விரியட்டும் என்று காத்திருப்பார்கள். ஒருவர் கைநிறைய அள்ளி முகர்ந்து பார்த்துக்கொண்டே நடப்பார், இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று. அவர் தலையாட்டிய பிறகுதான் பூ கலனுக்குள் போகும். மல்லியைத் தண்ணீர் ஆவியில் காய்ச்சினால் வாசம் கெட்டுப்போகும் என்பதால் ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எடுக்கிறார்கள். முதலில் கிடைப்பது மெழுகு மாதிரி இருக்கும், கான்கிரீட் என்று பெயர். அதை ஆல்கஹாலில் கரைத்து, மெழுகை நீக்கினால் வருவது அப்சொல்யூட். ஜாதிமல்லியில் ஒரு கிலோ அப்சொல்யூட் எடுக்க ஏறக்குறைய 700 கிலோ பூ வேண்டும். இங்கிருந்து கிளம்பும் அந்தச் சாறு பிரான்ஸ் வரை போகிறது.

குண்டுமல்லியும் ஜாதிமல்லியும் ஒன்றில்லை அக்கா. 2013ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி குண்டுமல்லி. அதன் வாசம் கொஞ்சம் பச்சையாக, தேநீர் மாதிரி, சுத்தமாக இருக்கும். பிச்சி என்கிற ஜாதிமல்லி இன்னும் கனமானது, பழம் போல இருக்கும், பிரான்சில் கிராஸ் ஊரில் காலங்காலமாக வளர்த்தது அந்த ஜாதிதான். உங்கள் குப்பியில் "மல்லி" என்று உங்களுக்குத் தோன்றுவது பிச்சியாகக்கூட இருக்கலாம். சாயங்காலம் கடையில் இரண்டு முழம் தனித்தனியாக வாங்கி, குப்பியோடு வைத்து முகர்ந்து பாருங்கள்.


கரிசல்காடு எழுதியது:

எல்லோரும் கையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கையில் போடுவதே பிடிக்காது. பருத்தி முந்தானையில், உள்பக்கமாக, ஒரு முறை. பூ மாலை வரை நிற்கும், பிரியாது. வெள்ளைப் பட்டில் மட்டும் அடித்துவிடாதீர்கள், மல்லி அப்சொல்யூட்டுக்குத் தேன் நிறம் உண்டு, கறை விழும். நான் ஒரு புடவையை அப்படித்தான் இழந்தேன்.


அந்திமந்தாரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நிலக்கோட்டைப்பூ, உன் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கூடையைக் கீரைக் கட்டு என்றாயே, அதைக் கேட்டு இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

கரிசல்காடு, முந்தானையில் போட்டுப் பார்த்தேன், உண்மைதான், ஆனால் எனக்கு இப்போது அது மாறுவதைப் பார்க்கவே ஆசை வந்துவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். நாலு மணி நேரத்துக்குப் பிறகு எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் "சந்தன வாசம் வருதே" என்கிறார். என் மூக்கில் கோளாறா? இரண்டாவது, அப்பா வைத்திருந்த மல்லி அத்தர் இப்படியெல்லாம் மாறியதாக நினைவில்லை. தடவியதிலிருந்து ஒரே மாதிரி மல்லியும் சந்தனமும் கலந்துதான் இருக்கும். அது ஏன்?


குப்பிமூடி எழுதியது:

அத்தர் கேள்விக்கு நான் சொல்கிறேன் சகோதரி, என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அத்தர் இல்லாத ஜும்ஆ கிடையாது. நானும் கன்னோஜ் வரை போய் வந்தவன்.

சென்ட்டுக்கும் அத்தருக்கும் முதல் வித்தியாசம், அத்தரில் ஆல்கஹால் இல்லை, எலுமிச்சை மாதிரி முந்திக்கொண்டு ஓடும் சரக்கும் இல்லை. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் மல்லி அத்தரை எப்படி எடுக்கிறார்கள் என்று நேரில் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் தானாகக் கிடைக்கும். பெரிய செம்பு அண்டா, அதை தேக் என்கிறார்கள். பூவையும் தண்ணீரையும் போட்டு மூடி, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி அடைத்து, அடியில் விறகும் வறட்டியும் வைத்து எரிப்பார்கள். மூடியிலிருந்து ஒரு மூங்கில் குழாய், அதன் மேல் கயிறு சுற்றியிருக்கும். குழாயின் மறுமுனை பப்கா என்ற செம்புக் குடுவைக்குள் போகும், குடுவை தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். விஷயம் என்னவென்றால் அந்தக் குடுவை காலியாக இருக்காது, உள்ளே சந்தன எண்ணெய் காத்துக்கொண்டிருக்கும். பூவின் ஆவி வந்து குளிர்ந்து அந்தச் சந்தனத்துக்குள் இறங்கும். தண்ணீரை வடித்துவிட்டு, மறுநாள் புதுப் பூ, அதே சந்தனம். இப்படிப் பல நாள். வேலை செய்கிற பெரியவர் வெறும் கையால் குடுவையின் சூட்டைத் தொட்டுப் பார்த்தே தீயைக் கூட்டவும் குறைக்கவும் சொல்வார், நான் பார்த்த இடத்தில் வெப்பமானி எதுவும் கிடையாது.

பூ பிறக்கும்போதே மரத்துக்குள் பிறக்கிறது. அதனால்தான் உங்கள் அப்பாவின் அத்தரில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சூட்டில் காய்ச்சுவதால் பூவின் பச்சை வாசமும் பழ வாசமும் கொஞ்சம் போய்விடும், அது நஷ்டம்தான், நிலக்கோட்டைத் தங்கை சொன்னது சரி. சம்சாரா போன்றவற்றில் பூவின் முகம் இன்னும் தெளிவாக இருக்கும். இரண்டும் எனக்கு வேண்டும், ஆனால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் அத்தரைத்தான் எடுப்பேன்.

வாங்குவதில் மட்டும் கவனம். சந்தன மரம் வயிரம் பாய இருபது முப்பது வருடம் வேண்டும், நம் ஊரில் அது நெடுங்காலம் அரசாங்கச் சொத்தாக இருந்தது, திருப்பத்தூர், சத்தியமங்கலம் கிடங்குகளில் ஏலம் விடுவார்கள். விலை ஏறிப் போனதால் இப்போது பல அத்தர்களில் சந்தனத்துக்குப் பதில் லிக்விட் பாரஃபின் அல்லது டிஓபி என்ற எண்ணெய் அடியில் இருக்கிறது. ஒரு பெரிய கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கியதை வீட்டுக்கு வந்து தடவினால் ஒரு மணி நேரத்தில் பூ போய்விட்டது, பின்னால் ஒன்றுமே இல்லை, தோலில் பிசுபிசுப்பு மட்டும். அன்றிலிருந்து கடையிலேயே கையில் தடவிக்கொண்டு, வெளியே போய் டீ குடித்து, மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வந்துதான் காசு கொடுப்பேன். மூன்றாவது மணியில் மரம் இருந்தால் வாங்கலாம்.


மரப்பெட்டி எழுதியது:

குப்பிமூடி பாய், அந்த மூன்று மணி நேரச் சோதனையை நானும் கையாளப் போகிறேன்.

அம்மா, மூக்கு கேள்விக்கு. கோளாறு இல்லை. ஒரே வாசம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் மூளை அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும், பூக்கடைக்காரருக்கு மல்லி தெரியாத மாதிரி. உங்கள் கணவர் வெளியிலிருந்து புது மூக்கோடு வருகிறார், அவருக்குத் தெரிகிறது. வாசம் தெரியவில்லையே என்று மறுபடி மறுபடி அடித்துக்கொள்வதுதான் பலரும் செய்கிற தப்பு, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தலைவலி வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. சந்தன வகை, கஸ்தூரி வகைப் பொருள்கள் சிலவற்றின் மூலக்கூறு பெரியது, அவற்றில் ஒன்றிரண்டு சிலருக்குப் பிறவியிலேயே கேட்காது, மற்ற எல்லா வாசமும் நன்றாகத் தெரியும், அது மட்டும் தெரியாது. ஐசோ ஈ சூப்பர் என்று ஒரு மர வாசம் இருக்கிறது, எனக்கு அது ஒரு நிமிடம் தெரியும், மறு நிமிடம் காணாமல் போகும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரும். என் தம்பிக்கு அறவே தெரியாது, வெறும் ஆல்கஹால் என்று சாதிப்பான். அதனால் வீட்டில் இருப்பவர்களையும் முகரச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரே மூக்கை நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

முகர்ந்து களைத்துவிட்டால் காப்பிக்கொட்டையை முகரச் சொல்வார்கள். தேவையில்லை. உங்கள் முழங்கையின் உள்பக்கம், சென்ட் படாத உங்கள் சொந்தத் தோல், அதை இரண்டு மூச்சு முகர்ந்துவிட்டு வாருங்கள், போதும்.

சம்பங்கி சென்ட் எப்போதாவது கிடைத்தால் இதேபோலச் செய்து பாருங்கள். நம் ஊர்ச் சம்பங்கியில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது, மூட்டுவலித் தைலத்தில் வருமே அதே பொருள். 1999ல் செர்ஜ் லூட்டன்ஸ் வெளியிட்ட தியூபெரூஸ் கிரிமினெல் என்ற சென்ட்டில் அந்தத் தைல வாசத்தை மறைக்காமல் முன்னாலேயே நிறுத்தியிருக்கிறார்கள். முதல் பத்து நிமிடம் மருந்துக்கடை, அதற்குப் பிறகு வருகிற பூவை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை.


அந்திமந்தாரை எழுதியது:

நேற்று ஞாயிறு, ஆபீஸ் இல்லை, நீங்கள் சொன்னபடி செய்தேன். இரண்டு கையிலும். இடது கையில் வாஸலின் தடவி, வலது கையில் சும்மா. மதியம் இரண்டு மணிக்கு ஒவ்வொரு முறை அடித்தேன், தேய்க்கவில்லை. அம்மாவையும் அவரையும் முகரச் சொன்னேன்.

வலது கை போன முறை போலவே ஓடியது, பழம், மல்லி, கார வாசம் (இனி நானும் அப்படித்தான் சொல்லப் போகிறேன்), தலையணைப் பூ, மரம். ஆனால் இந்த முறை பயமில்லாமல் முகர்ந்தேன். கார வாசம் வந்தபோது கையை மூக்கிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன், அங்கே அது கார வாசமாக இல்லை, மண்டபத்து மல்லியாக இருந்தது. கிட்டே வந்தால் பாச்சா உருண்டை, தள்ளிப் போனால் பூ. இதை யாரும் சொல்லவில்லையே! அம்மா கேட்டாள், அவளுக்குக் கிட்டே வைத்தாலும் பூதானாம்.

இடது கை முற்றிலும் வேறு. பழ வாசம் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றது, மல்லி நாலரை மணி வரை. கார வாசம் வந்தது, ஆனால் மற்ற எல்லாவற்றோடும் கலந்து வந்ததால் தனியாகத் தெரியவில்லை. நாத்தனாரின் கையில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு எது பிடித்தது என்றால், சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், வலது கைதான். இடது கை அழகாக இருந்தது, வலது கையில் ஒவ்வொன்றையும் பார்க்க முடிந்தது.

சந்தனமும் முதலிலிருந்தே இருக்கிறது என்று மரப்பெட்டி சொன்னதைத் தேடிப் பார்த்தேன். முதல் பத்து நிமிடத்தில் அகப்படவில்லை. மல்லி பெரிதாக இருந்தபோது கண்ணை மூடிக்கொண்டு, பூவை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடினேன், அப்போது கிடைத்தது. சந்தனக் கல்லில் கட்டையை உரசி, ஈரம் காய்ந்து, கல்லின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அந்த உலர்ந்த வாசம். ஒரு முறை கண்டுபிடித்த பிறகு அது போகவே இல்லை, கடைசி வரை கூடவே வந்தது.

ராத்திரி பத்து மணிக்கு இரண்டு கையும் எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு இருந்ததாம். இன்று காலை ஐந்தரைக்குப் பால் காய்ச்சும்போது பாத்திரத்துக்கு மேலே கை போனது, ஆவி பட்டதும் வலது மணிக்கட்டிலிருந்து சந்தனம் மறுபடி எழுந்து வந்தது, பதினைந்து மணி நேரம் ஆகியிருந்தது. பின்னால் நின்ற அம்மா, சாமி அறையில் யாராவது சந்தனம் அரைத்தீர்களா என்று கேட்டாள்.

குப்பிமூடி பாய், அப்பாவின் அத்தர்க் குப்பி இன்னும் பீரோவில் இருக்கிறது, அடியில் ஒரு விரற்கடை மிச்சம். திறக்கலாமா, இருபது வருடம் ஆகிவிட்டது, கெட்டிருக்குமா?


குப்பிமூடி எழுதியது:

திறந்து பாருங்கள் சகோதரி. உண்மையான சந்தனத்தில் இறக்கியது என்றால் கெடாது, பூ கொஞ்சம் மங்கியிருக்கலாம், மரம் இன்னும் பழுத்திருக்கும். மூடி இறுகியிருந்தால் முறுக்கி உடைத்துவிடாதீர்கள், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைக் கழுத்தில் கொஞ்ச நேரம் சுற்றி வையுங்கள்.


நிலக்கோட்டைப்பூ எழுதியது:

அக்கா, இப்போது பனிக்காலம், பூவும் இல்லை, விலையும் ஆயிரங்களில் இருக்கிறது. பங்குனியில் பூ மலியும். அப்போது மொட்டாக ஒரு பொட்டலம் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்கிறேன். ஈரத்துணியில் பரப்பி வைத்து ஆறு மணியிலிருந்து முகருங்கள், வலது கையில் சம்சாராவும் இருக்கட்டும்.